முதல் வணக்கம் யாருடைய மொழியில்?

மொன்ரியால் நகரத்துக் கடைக்குள் நுழைந்தால் கதவுமணி அடங்குவதற்குள் ஒரு சொல் வந்து விழும்: ‘பொன்ஷூர்-ஹாய்!’ பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். வந்தவர் எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்கிறாரோ அந்த மொழியிலேயே மிச்சப் பேச்சும் நடக்கும். ஊருக்குப் புதியவருக்கு இது நல்ல உபசாரமாகத்தான் படும். கியூபெக் மாகாணச் சட்டமன்றத்துக்கு அப்படிப் படவில்லை. கடைக்காரர்கள் ‘பொன்ஷூர்’ என்று மட்டும் சொல்லி வரவேற்க வேண்டும் என்று 2017 நவம்பரில் அது ஒரு தீர்மானம் போட்டது. எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. வெறும் தீர்மானம்தான், சட்டமில்லை. கடைகளில் ‘ஹாய்’ இன்றும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு ‘ஹாய்’க்கு இத்தனை அமர்க்களமா என்று மதுரையிலிருந்து போன பயணிக்குச் சிரிப்பு வந்தது. இந்தி எழுத்தை அழிக்க ரயில் நிலையப் பெயர்ப்பலகை மீது தார் டப்பாவோடு ஏறியவர்களின் ஊரிலிருந்து வந்தவர் என்பதால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

வட அமெரிக்காவின் ஆங்கிலக் கடலில் பிரெஞ்சு பேசுவோர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். கியூபெக் மாகாணத்துக்குள்ளோ அவர்கள்தான் பெரும்பான்மை. வீட்டுக்குள் எசமானர், வாசலைத் தாண்டினால் சிறுபான்மை. இந்த இரட்டை நிலையிலிருந்து பிறந்ததுதான் கியூபெக் தன் வழி என்று சொல்லிக்கொள்ளும் இடைப்பண்பாட்டுக் கொள்கை. அது புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்பது ஒருபுறம். தெருவில் எப்படி இருக்கிறது என்று பார்க்க 55ஆம் எண் பேருந்தில் ஏற வேண்டும்.

அந்தப் பேருந்து சேன் லோரான் வீதியில் வடக்கு நோக்கிப் போகிறது. மொன்ரியால் ஒரு தீவு. தெற்கே பழைய துறைமுகத்தருகே தொடங்கி, தீவின் மறுகரைவரை ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளும் வீதி இது. நகரின் வீட்டு எண்கள் இங்கிருந்துதான் கிழக்கே ஒரு வரிசையாகவும் மேற்கே ஒரு வரிசையாகவும் ஏறுகின்றன. கிழக்கே பிரெஞ்சுக்காரர், மேற்கே ஆங்கிலேயர் என்பது தலைமுறைகளாக இருந்த எழுதப்படாத எல்லை. கப்பலிலிருந்து மூட்டையோடு இறங்கியவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்க இடமில்லாமல் நடுக்கோட்டிலேயே கடை போட்டார்கள். சீனர், யூதர், போர்ச்சுகீசியர், இத்தாலியர், கிரேக்கர் என்று ஒரு கூட்டம் மேலே நகர, அடுத்த கூட்டம் அந்த இடத்துக்கு வந்தது. ஆங்கிலம் பேசுவோர் இன்னும் ‘த மெயின்’ என்று அழைக்கும் இந்த வீதியைக் கனடா அரசு 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

முதலில் வருவது சீனப் பேட்டை. வீதியின் குறுக்கே சிவப்பும் பொன்னுமாக அலங்கார வளைவு. இன்று சுற்றுலாப் பயணிகள் அதன்கீழ் நின்று படம் எடுக்கிறார்கள். சீனத் தொழிலாளரைக் கொண்டு ரயில் பாதை போட்டு முடிக்கும் தறுவாயில், 1885இல் சீனக் குடியேறிகள்மீது தலைவரி விதித்தது கனடா. 1923இல் கதவையே சாத்தியது, 1947இல்தான் திறந்தது. வேற்றுமையைக் கையாளும் கொள்கைகளைப் பற்றிப் பேச வருபவர்கள், கொள்கையே இல்லாமல் வெறும் தாழ்ப்பாள் மட்டும் இருந்த அந்த 24 ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னும் சில நிறுத்தங்கள் தாண்டினால் நடைபாதையில் ஒரு வரிசை. மழையோ பனியோ, ‘ஷ்வார்ட்ஸ்’ கடை வாசலில் வரிசை நிற்கும். ருமேனியாவிலிருந்து வந்த யூதர் ஒருவர் 1928இல் தொடங்கிய கடை. மசாலாவில் நாள்கணக்கில் ஊறிப் புகையில் வெந்த மாட்டிறைச்சியைக் கத்தியால் மெல்லிய துண்டங்களாகச் சீவி, இரண்டு ரை ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே குவித்து, கடுகுச் சாந்து தடவித் தருகிறார்கள். பயணி வரிசையில் நின்றபோது அண்ணாந்து பார்த்தது பெயர்ப்பலகையை. ஆங்கில முறைப்படி உரிமையாளர் பெயர். அதோடு ‘ஷார்க்யூத்ரி எப்ராயிக்’ என்ற பிரெஞ்சு. எபிரேய இறைச்சிக் கடை என்று பொருள்.

அந்தப் பலகையில் ஒரு மொழிச் சண்டையின் வரலாறே இருக்கிறது. 1977 ஆகஸ்டில் நிறைவேறிய ‘101ஆம் சட்டம்’ கடைப் பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே இருக்கலாம் என்றது. 1988இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தள்ளுபடி செய்தது. மாகாண அரசு சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடையைத் தொடர்ந்தது. 1993இல் ஒரு நடுவழி பிறந்தது: பிற மொழி இருக்கலாம், பிரெஞ்சு எடுப்பாகத் தெரிய வேண்டும். இந்தக் கடையைப் பொறுத்தவரை கதைக்கு இன்னொரு வளைவும் உண்டு. 2012இல் கடை கைமாறியபோது வாங்கிய கூட்டாளிகளில் ஒருவர் கியூபெக் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்த பாடகி செலின் டியோன். யூதரின் கடை, கியூபெக்காரர்கள் தங்கள் ஊர்ச் சொத்தாகக் கருதும் சாப்பாடு.

பேருந்து மைல் எண்ட் பகுதிக்கு வந்ததும் பயணி இறங்கி மேற்கே நடந்தார். விறகுப் புகையின் வாசம் வழிகாட்டியது. பேகல் அடுப்புகள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் கொண்டுவந்த வளைய ரொட்டி இது. ‘ஃபேர்மவுண்ட்’ கடையின் வேர் 1919இல், ‘சேன் வியாத்தூர்’ கடை 1957இல். செய்முறையைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஒருவர் மாவைக் கயிறாக உருட்டி, உள்ளங்கையைச் சுற்றி வளைத்து, ஒரே அழுத்தில் முனைகளை ஒட்டுகிறார். வளையங்கள் தேன் கலந்த கொதிநீரில் விழுந்து மிதக்கின்றன. அங்கிருந்து எள்ளில் புரண்டு, நீண்ட மரப்பலகையில் வரிசையாக ஏறி, விறகடுப்புக்குள் போகின்றன. திரும்பி வரும்போது விளிம்புகளில் கருகல். நியூயார்க் பேகலைவிடச் சிறியது, இனிப்பானது என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்காமலேயே சொல்வார்கள். மொன்ரியாலில் பிறந்த விண்வெளி வீரர் கிரிகரி ஷாமிட்டோஃப் 2008இல் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது 18 எள் பேகல்களைக் கூடவே கொண்டுபோனார்.

வரிசையில் கறுப்பு அங்கியும் காதோரச் சுருள்முடியுமாக ஹசிடிக் யூதச் சிறுவர்கள். அவர்களுக்குப் பின்னால் மூக்கில் வளையம் போட்ட கல்லூரிப் பெண். ஒருவரையொருவர் அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை, இடித்துக்கொள்ளவும் இல்லை. இதே பேட்டையில்தான் ஒரு சன்னல் கண்ணாடி மாகாணத்தையே உலுக்கியது.

பார்க் அவென்யூவில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக்கூடம். பின்சந்துக்கு அப்பால் ஹசிடிக் யூதர்களின் வழிபாட்டு இடம். உடற்பயிற்சி உடையில் இருக்கும் பெண்கள் தங்கள் பையன்கள் கண்ணில் படுகிறார்கள் என்று அந்தச் சமூகம் முறையிட்டது. செலவைத் தாங்களே ஏற்பதாகவும் சொன்னது. 2006இல் அந்தச் சன்னல்களுக்குப் பனிமூட்டம் போன்ற மங்கல் கண்ணாடி போடப்பட்டது. கூடத்துக்கு வரும் பெண்கள், தாங்கள் ஏன் மறைக்கப்பட வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். 2007 மார்ச்சில் மங்கல் கண்ணாடி போய், தெளிந்த கண்ணாடியும் மடக்குத் திரையும் வந்தன. நம் ஊரில் பக்கத்து வீட்டு மாடிச் சன்னலுக்காக நடக்கும் சண்டையின் அளவுதான். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதைத் தேசத்தின் எதிர்காலமாக்கின.

அந்த மாதங்களில் கியூபெக்கில் எல்லோர் வாயிலும் புரண்ட சொல் ‘நியாயமான விட்டுக்கொடுப்பு’. தொழிலாளர் வழக்குகளில் பிறந்த சட்டக் கருத்து அது. எல்லோருக்கும் பொதுவான விதி ஒருவரின் சமயத்தையோ உடற்குறையையோ முட்டும்போது, நிறுவனம் தாங்கமுடியாத சுமை இல்லாதவரை வளைந்துகொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2001இல் மொன்ரியால் பள்ளி ஒன்றின் முற்றத்தில் சீக்கிய மாணவனின் உடையிலிருந்து கிர்பான் என்ற சமயக் குறுவாள் தவறி விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2006 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. முற்றாகத் தடை செய்வது சமய உரிமையை மீறும். உறையிலிட்டு, உடைக்குள் வைத்துத் தைத்து அணியலாம். சட்டப்படி முடிந்துபோன விவகாரம். மனங்களில் அங்கேதான் தொடங்கியது.

2007 ஜனவரியில் எரூவீல் என்ற சிற்றூர் உலகச் செய்தியானது. ஏறத்தாழ 1,300 பேர், வெளிநாட்டிலிருந்து வந்தவர் கிட்டத்தட்ட யாரும் இல்லை. அந்த ஊர் மன்றம் வருங்காலக் குடியேறிகளுக்காக ஒரு நடத்தை விதிப் பட்டியல் வெளியிட்டது. இங்கே பெண்களைக் கல்லால் அடிக்கக் கூடாது. ஹாலோவீன் தவிர மற்ற நாளில் முகத்தை மூடக் கூடாது. வராத விருந்தாளிக்கு வாசலில் ஒட்டிய எச்சரிக்கை. சில முஸ்லிம் பெண்கள் அந்த ஊருக்கே போய் உட்கார்ந்து பேசினார்கள். அதன்பின் கல்லடி, தீவைப்பு பற்றிய வரிகளை ஊர் மன்றம் நீக்கியது.

இந்தக் கொந்தளிப்பை அடக்க முதல்வர் ஜான் ஷாரே அந்தப் பிப்ரவரியில் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தார். இரண்டு தலைவர்கள். ஒருவர் வரலாற்றாசிரியர் ஜெரார் பூஷார். கியூபெக் பிரிந்துபோக வேண்டும் என்ற எண்ணமுடையவர். மற்றவர் மெக்கில் பல்கலைக்கழகத் தத்துவ அறிஞர் சார்ல்ஸ் டெய்லர். கனடாவோடு இருக்க வேண்டும் என்பவர். இருவரும் மாகாணம் முழுக்கச் சுற்றினார்கள். மாலை வேளைகளில் 22 பொதுமன்றங்கள், யார் வேண்டுமானாலும் ஒலிபெருக்கி முன் வரலாம், தொலைக்காட்சியில் ஒளிபரப்பு. 900க்கும் மேற்பட்ட எழுத்து மனுக்கள் வந்தன. சிலர் பேசியதைக் கேட்டுத் தலைப்பாகைக்காரர்களும் முக்காடிட்டவர்களும் கூசிப்போனார்கள். அதே ஒலிபெருக்கி முன் அவர்களும் நின்று பதில் சொன்னார்கள்.

2008 மே 22 அன்று வந்த அறிக்கையில் ஒரு பகுதி துப்பறியும் கதைபோல இருக்கும். பத்திரிகைகளில் பெரிதாக வந்த 21 சம்பவங்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தார்கள். 15 சம்பவங்களில் நடந்ததற்கும் மக்கள் நம்பியதற்கும் பெரிய இடைவெளி.

மேப்பிள் பாகு காய்ச்சும் ‘சர்க்கரைக் குடில்’ விவகாரம் அதில் ஒன்று. வசந்தகாலத் தொடக்கத்தில் குடும்பத்தோடு காட்டுக்குள் போய், பன்றியிறைச்சி போட்ட பட்டாணி சூப்பும் பாகு ஊற்றிய பலகாரங்களும் சாப்பிட்டு ஆடிப்பாடுவது கியூபெக் மக்களின் பொங்கல் மாதிரி. அங்கே ஒரு முஸ்லிம் கூட்டம் வந்து எல்லோருக்கும் பன்றியிறைச்சியை நிறுத்தச் சொன்னது, ஆடிக்கொண்டிருந்தவர்களை விரட்டிவிட்டுத் தொழுதது என்பது ஊரெல்லாம் பரவிய கதை. ஆணையம் கண்டது வேறு. ஒரு வாரம் முன்பே பேசி வைத்திருந்தார்கள். இறைச்சி போடாத சூப் அவர்களுடைய மேசைகளுக்கு மட்டும். ஹலால் இறைச்சியை அவர்களே தங்கள் செலவில் கொண்டுவந்தார்கள். சாப்பிட்ட இடத்திலேயே மேசைகளை ஒதுக்கித் தொழத்தான் போனார்கள். வெளியே கூட்டம் காத்திருந்ததால் இடம் சீக்கிரம் காலியாகட்டும் என்று, ஆடுகூடத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னது குடில் நிர்வாகமே. பாட்டு நின்றது பத்து நிமிடத்துக்கும் குறைவு.

குடிலில் நேருக்கு நேர் நின்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். செய்தித்தாளில் படித்தவர்கள்தான் கொதித்தார்கள். வாழும் இடத்தில் வளைகிறது, கேள்விப்படும் இடத்தில் முறுக்கிக்கொள்கிறது என்பது மெயின் வீதியில் பாதித் தூரம் வந்தவருக்கே புரியத் தொடங்கிவிடும்.

பூஷாரும் டெய்லரும் கியூபெக்குக்குப் பரிந்துரைத்த வழிதான் இடைப்பண்பாடு. கனடா நடுவண் அரசின் வழி வேறு. 1971 அக்டோபரில் பிரதமர் பியர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் அறிவித்தது: ஆட்சிமொழிகள் இரண்டு, ஆனால் ஆட்சிப் பண்பாடு என்று ஒன்று கிடையாது. கனடாத் தமிழர்கள் இதைப் ‘பல்கலாசாரம்’ என்பார்கள். அடுத்த மாதமே கியூபெக் முதல்வர் ரொபேர் பூராசா, எங்களுக்கு இது ஒத்துவராது என்று கடிதம் எழுதினார். நாட்டை நிறுவிய இரண்டு மக்களில் ஒருவர் நாங்கள். இருபது குடியேறிச் சமூகங்களோடு இருபத்தொன்றாவதாக எங்களையும் வரிசையில் நிறுத்துவதா என்பது கியூபெக்கின் மனக்குறை.

இடைப்பண்பாட்டுக்காரர்கள் சொல்வது இது. இங்கே ஒரு பெரும்பான்மை உண்டு, அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதை மறைக்க வேண்டாம். பொதுவிடத்தில் எல்லோரையும் இணைக்கும் மொழி பிரெஞ்சு. வந்தவர்கள் தங்கள் மொழியையும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவரவர் தெருவில் அவரவர் என்று ஒதுங்காமல் கலந்து பழக வேண்டும். அந்தப் பழக்கத்தில் பெரும்பான்மையும் மாறும். 1990இல் மாகாண அரசு வெளியிட்ட குடியேற்றக் கொள்கை இதற்கு ‘அறவழி ஒப்பந்தம்’ என்று பெயர் வைத்தது. 2012இல் பூஷார் எழுதிய நூல் ஒரு படி மேலே போய், சில வேளைகளில் பெரும்பான்மையின் மரபுக்கு ஓரளவு முன்னுரிமை தருவதும் நியாயமே என்றது. விமரிசகர்கள் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்: எந்த வேளை, எந்த அளவு, முடிவு செய்வது யார்? டெய்லரே அதே ஆண்டு ஒரு கட்டுரையில், இரண்டு கொள்கைகளுக்கும் திட்டங்களில் பெரிய வேறுபாடு இல்லை, தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில்தான் வேறுபாடு என்று எழுதினார்.

அறிக்கைக்கு நேர்ந்த கதியும் சொல்லத் தக்கது. சட்டமன்ற அவையில் 1936 முதல் தொங்கிவந்த சிலுவையை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றது ஆணையம். அறிக்கை வெளியான அன்றே, சிலுவை இருந்த இடத்திலேயே இருக்கும் என்று அவை ஒருமனதாக முடிவெடுத்தது. அது இறங்க 2019 ஜூலை ஆயிற்று. அதற்கு முந்தைய மாதம்தான் ‘21ஆம் சட்டம்’ நிறைவேறியிருந்தது. நீதிபதி, அரசு வழக்கறிஞர், போலீஸ்காரர், சிறைக்காவலர் போன்ற சிலர் மட்டும் பணியில் சமயச் சின்னம் அணிய வேண்டாம் என்று ஆணையம் வரம்பு கட்டியிருந்தது. இந்தச் சட்டம் அரசுப் பள்ளி ஆசிரியர்களையும் அந்த வரம்புக்குள் இழுத்தது. இதற்கிடையில் 2017 ஜனவரியில் கியூபெக் நகர மசூதியில் தொழ வந்திருந்த ஆறு பேரை ஒருவன் சுட்டுக்கொன்றான். அதன்பின் டெய்லர் சமயச் சின்னம் பற்றிய தம் பழைய பரிந்துரையையே கைவிட்டார்.

பயணி மறுபடி ஏறிய பேருந்து இத்தாலியப் பேட்டையில் நின்றது. இங்குள்ள மாதா கோவிலின் விதானச் சுவரோவியத்தில் போப்பாண்டவர் சபையோடு குதிரைமேல் முசோலினியும் இருக்கிறார். பக்கத்தில் ஜான் தலோன் சந்தை, 1933இல் திறந்தது. கியூபெக் ஸ்ட்ராபெர்ரி, இத்தாலியத் துளசி, மொராக்கோ ஆலிவ் எல்லாம் கூறுகட்டி இருக்கும். கத்தரிக்காய் விலை கேட்ட பயணியிடம் கடைக்காரர் பிரெஞ்சில் பேரம் பேச, அதை அருகில் நின்ற இத்தாலியப் பாட்டி ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

அந்தப் பாட்டியின் தலைமுறை ஏன் ஆங்கிலத்துக்குப் போனது? பழி முழுவதும் குடியேறிகள்மேல் இல்லை. பள்ளிகள் அன்று மொழிவாரியாக இல்லை, சமயவாரியாக இருந்தன. பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பள்ளிகள் யூதரையும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. அவர்கள் ஆங்கிலப் புராட்டஸ்டண்ட் பள்ளிகளுக்குப் போனார்கள். கத்தோலிக்க இத்தாலியர்களும் வேலை ஆங்கிலத்தில்தான் என்று பார்த்து ஆங்கில வகுப்புகளையே தேடினார்கள். 1968இல் சேன் லெயோனார் பகுதியில் பள்ளி நிர்வாகம் பிரெஞ்சைக் கட்டாயமாக்க முயன்றது; அதனால் அடுத்த ஆண்டு தெருச் சண்டையே மூண்டது. 1970களின் தொடக்கத்தில் குடியேறிக் குடும்பப் பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஆங்கிலப் பள்ளியில்.

101ஆம் சட்டம் அதைப் புரட்டிப் போட்டது. அமைச்சர் கமீய் லோரான் கொண்டுவந்த அந்தச் சட்டப்படி, பெற்றோர் கியூபெக்கில் ஆங்கிலத்தில் படித்திருந்தாலொழியப் பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். விதிவிலக்குகள் பின்னால் விரிந்தன. இன்று அதே கணக்கு தலைகீழ்: பத்தில் ஒன்பது பேர் பிரெஞ்சுப் பள்ளியில். ‘101ஆம் சட்டத்துப் பிள்ளைகள்’ என்று இவர்களுக்குப் பெயரே உண்டு. கலப்பு வேண்டும் என்று கொள்கைப் பேச்சு கேட்டது; அதைப் பெருமளவில் நடத்திக்காட்டியது ஒரு கட்டாயச் சட்டம். ஹைத்தியப் பையனும் வியட்நாமியப் பெண்ணும் ‘பெத்தீ லரூஸ்’ அகராதியைச் சேர்ந்து புரட்டியது அதனால்தான். கட்டாயமில்லாத வழிகளும் உண்டு. மொன்ரியாலில் உள்ள கியூபெக் பல்கலைக்கழகத்தில், பிரெஞ்சு கற்கும் புதியவர் ஒருவரையும் ஊர் மாணவர் ஒருவரையும் இணைசேர்த்து விடுகிறார்கள். வகுப்புக்கு வெளியே சந்தித்து இருவரும் வெறுமனே பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சந்தையிலிருந்து மேற்கே நடந்தால் பார்க் எக்ஸ்டென்ஷன். ஊர்வாய்க்கு ‘பார்க் எக்ஸ்’. ஏறத்தாழ 1.6 சதுர கிலோமீட்டரில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழும் பேட்டை. முன்பு கிரேக்கர் ஊர். இப்போது பஞ்சாபி, வங்காளி, தமிழ், உருது. பேட்டைக்கும் அடுத்துள்ள வசதி படைத்த நகரத்துக்கும் நடுவே 1960இல் ஒரு கம்பி வேலி எழுந்தது. பல பத்தாண்டுகள், செடி படர்ந்து, வேலி என்று தெரியாதபடி அது நின்றது. இடைப்பண்பாடு பற்றிய கருத்தரங்குகள் பல அதற்குக் கூப்பிடு தூரத்தில் நடந்திருக்கும்.

தமிழர் இங்கே வந்த கதைக்கு ஒரு நாள் உண்டு. 1986 ஆகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், மூடுபனியில் மிதந்த இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர். மீன்பிடிக் கப்பல்கள் அவர்களைக் கரைசேர்த்தன. அவர்களில் பலர் மொன்ரியாலுக்கும் டொரோண்டோவுக்கும் வந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் விமானத்தில் வந்தவர்கள் பல்லாயிரம். பிரெஞ்சு வேண்டாம் என்று டொரோண்டோவுக்கு இடம்பெயர்ந்தவர்கள் போக, தங்கியவர்களின் பிள்ளைகள் மூன்று மொழிக்காரர்கள் ஆனார்கள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம். மூலைக் கடையை இந்த ஊர் ஆங்கிலேயரும் பிரெஞ்சில் ‘தெப்பனர்’ என்பார்கள். அவசரத்துக்கு உதவுபவர் என்று பொருள்; தமிழர் பேச்சிலும் அந்தச் சொல் தமிழ் விகுதியோடு நடமாடுகிறது.

நகருக்கு வடக்கே மலைகளுக்கிடையில் வால் மொரான் என்று ஒரு கிராமம். பத்தமடையில் பிறந்த சிவானந்தரின் சீடர், கேரளத்துக்காரரான விஷ்ணுதேவானந்தர் 1960களில் அங்கே யோக ஆசிரமம் அமைத்தார். அதன் மலைக்கோவிலுக்குக் கோடைகாலத்தில் தமிழ்க் குடும்பங்கள் காவடியோடு போகின்றன. மேப்பிள் மரங்களுக்கிடையே மயிற்பீலி அசைய, யோகம் கற்க வந்த பிரெஞ்சுக்காரர்களும் வேட்டி, சேலையில் கூடவே நடப்பார்கள். எந்த அறிக்கையும் பரிந்துரைக்காத கலப்பு.

இருட்டும் வேளையில் பயணி பார்க் எக்ஸில் ஒரு சிறு சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்தார். கொத்துத் தட்டும் ஓசை வாசல்வரை கேட்டது. கல்லாவில் நடுவயது அம்மா.

“பொன்ஷூர்,” என்றார். முகத்தைப் பார்த்தார். “வாங்கோ அண்ணை, இருங்கோ. கொத்து அஞ்சு நிமிசத்திலை வரும்.”

மூலை மேசையில் அவருடைய மகள் மடிக்கணினியில் பிரெஞ்சில் ஏதோ கட்டுரை தட்டிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகப் படிப்பு. “ரீச்சர் வேலைக்குப் படிக்கிறா,” என்றார் அம்மா. பெருமையும் அதன் அடியில் ஏதோ ஒரு நெருடலும். “இவவோடை படிக்கிற பிள்ளை ஒண்டு முக்காடு போடுறவ. படிப்பு முடிச்சாலும் இஞ்சை பள்ளிக்கூடத்திலை வேலை குடுக்க மாட்டினமாம். அந்தப் பிள்ளை ஒன்ராறியோவுக்குப் போகப்போறாவாம். எனக்கு என்ன யோசினை எண்டால், எங்கடை பொட்டுக்கு என்ன சொல்லுவினமோ தெரியேல்லை.”

21ஆம் சட்டம் பொருள்களைப் பட்டியல் போடவில்லை. சமய நம்பிக்கையோடு அணியும், அல்லது சமயத்தைக் குறிப்பதாக நியாயமாகக் கருதத்தக்க ஆடை, நகை, அணிகலன், தலையணி உள்ளிட்ட எந்தப் பொருளும் என்றுதான் வரையறை. அதை எதிர்த்த வழக்கு கனடா உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 2025 மே மாதத்தில் மாகாண அரசு ‘தேசிய ஒருங்கிணைப்பு’ என்று இன்னொரு சட்டமும் இயற்றிவிட்டது.

மகள் கணினியிலிருந்து தலை தூக்கினாள். “பொருள் எண்டுதான் சட்டத்திலை கிடக்கு, அம்மா. ஸ்டிக்கர் பொட்டெண்டால் அது பொருள். குங்குமம் எண்டால் பொருளோ?”

“திருநீறு?”

“அதை ஹெட்மாஸ்டர் ஊதிப் பாக்கட்டும்.”

அம்மா சிரித்துவிட்டார். அதற்குள் கதவுமணி அடித்தது. பனிச் சப்பாத்தோடு ஒரு பிரெஞ்சு இளைஞன், கையில் வெற்றுச் சாப்பாட்டுப் பெட்டி. அடிக்கடி வருபவன் போல. அம்மா வாயைத் திறப்பதற்குள் அவனே, “வணக்கம், மதாம்,” என்றான். பிறகு பிரெஞ்சில், முந்திய தடவையைவிட உறைப்புக் கொஞ்சம் குறைவாக என்று கேட்டான். அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பித் தமிழில் கத்தினார்: “தம்பி, அவருக்கு மிளகாய் அரைக் கரண்டி!” தட்டும் ஓசை மறுபடி எழுந்தது. மகள் குனிந்து, விட்ட வாக்கியத்திலிருந்து தட்டச்சைத் தொடர்ந்தாள்.